மணிக்கு நூற்று நாற்பது பெட்டி

அலமாரிகளுக்கு நடுவே அவள் ஓடவில்லை. கிடங்குக்குள் ஓடக் கூடாது என்று சுவருக்குச் சுவர் எழுதிப் போட்டிருந்தார்கள். அதனால் ஓட்டத்துக்கு ஒரு நூல் குறைவாக நடந்தாள். பெட்டியை எடுத்து, மணிக்கட்டில் கட்டியிருந்த கருவியை அதன் மேல் காட்டி, வண்டியில் வைத்துவிட்டு அடுத்த அலமாரிக்குப் போனாள். ஒரு மணி நேரத்தில் எத்தனை பெட்டி என்று கருவியின் சின்னத் திரை எண்ணிக்கொண்டே இருக்கும். நூற்றுப் பத்து எடுத்தால் போதும். அவள் நூற்று முப்பத்தெட்டில் இருந்தாள்.

காரணம் அண்ணிக்கு மட்டும்தான் தெரியும். இருவரும் ஒரே கிடங்கில்தான் வேலை பார்த்தார்கள். மாதக் கடைசி ஞாயிறு, ஐயாயிரம் மீட்டர் தேர்வு ஓட்டம். பத்தொன்பது நிமிடத்துக்குள் முடித்தால் அணியில் இடம், கூடவே விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு நிரந்தர வேலை. அவள் முப்பது நொடி பின்தங்கியிருந்தாள். பன்னிரண்டு மணி நேரம் உழைத்துவிட்டு மைதானத்துக்குப் போனால் கால் எங்கே எழும்பும்? வேலையையே பயிற்சியாக்கிக்கொள் என்று வழி சொன்னதே அண்ணிதான்.

"மொத்தமா பாத்தா மலைப்பாத்தான் இருக்கும். வாரத்துக்கு அஞ்சு பெட்டி கூட்டு, போதும்" என்றாள். அட்டைத் துண்டில் ஆறு வாரத்துக்கான எண்களைத் தன் கையாலேயே எழுதி, அவள் துணிமணி வைக்கும் அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டினாள். அண்ணிக்கு முட்டி வீக்கம். நூற்றுப் பத்துக்கே மூச்சு வாங்கும். தனக்கு இருக்கிற ஒரே இலக்கு சாயங்கால பஸ்தான், அதையும் பாதி நாள் கோட்டை விடுகிறேன் என்று சிரிப்பாள்.

வாரம் ஒரு எண்ணாக அடித்துக்கொண்டே வந்தார்கள். ஆறாவது வாரம் மைதானத்தில் பத்தொன்பது நிமிடம் இரண்டு நொடி. இன்னும் இரண்டே நொடிதான் பாக்கி. ஆளில்லாத மைதானத்தில் அவள் தனியாகச் சிரித்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் மேற்பார்வையாளர் எல்லோர் முன்னாலும் அவளுடைய பெட்டி எண்ணிக்கையைச் சொல்லி அவளைப் பாராட்டினார். கைதட்டல் கேட்டு அவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. பிறகு அவர் ஒரு தாளைச் சுவரில் ஒட்டினார். திங்கட்கிழமை முதல் எல்லோருக்கும் நூற்று நாற்பது.

"சார், அது என் ஓட்டத்துக்காக நானா வெச்சுக்கிட்டது."

"ஒருத்தரால முடியுதில்ல? அப்போ முடியும்னுதானே அர்த்தம்" என்றார் அவர், கோபமே இல்லாமல்.

அண்ணி முட்டியில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு மூன்று நாள் நடந்தாள். நூற்று நான்கு, நூற்று ஒன்று, தொண்ணூற்றேழு. வியாழக்கிழமை காலை அண்ணியிடமிருந்து அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள். வாசல்வரை கூடப் போனவளுக்கு அண்ணியின் முகத்தைப் பார்க்கவே கூசியது.

"கூட்டச் சொன்னதே நான்தானே, நீ ஏன் தலையத் தொங்கப் போட்டுக்கிறே? ஞாயித்துக்கிழமை ஒழுங்கா ஓடு" என்று சொல்லிவிட்டு அண்ணி நொண்டிக்கொண்டே பஸ் நிறுத்தத்துக்குப் போனாள்.

அண்ணி பார்த்துவந்த அலமாரி வரிசையும் இப்போது அவளுக்கே. தேர்வுக்கு மூன்று நாள்தான் இருந்தது. கால் வலுவை மிச்சம் பிடிக்க வேண்டும் என்று கொஞ்சம் மெதுவாக நடந்தாள். எண்ணிக்கை நூற்று நாற்பதுக்குக் கீழே இறங்கியதும் மணிக்கட்டுக் கருவி அதிர்ந்து திரை சிவந்தது. அது மறுபடி பச்சையாகும்வரை நடையைக் கூட்டினாள்.