கண்ணாடிக்காரர் மகள்

தெருவுக்கே கண் பார்த்துக் கண்ணாடி போட்டுவிடுகிற மனிதருக்குத் தன் மகளுக்குக் கண் தெரியவில்லை என்பது தெரியாமல் போயிற்று. ஒன்றாம் வகுப்பு டீச்சர்தான் கண்டுபிடித்தார். ‘பிள்ளை கரும்பலகையில் மூக்கை உரசிக்கொண்டு நிற்கிறாள், வீட்டில் யாரும் கவனிப்பதில்லையா?’ என்று நோட்டில் எழுதி அனுப்பியிருந்தார். அதைப் படித்த கண்ணாடிக்காரர் அன்று மத்தியானம் சாப்பிடவில்லை.

வீட்டின் முன்னறைதான் கடை. மகளை உயரமான ஸ்டூலில் தூக்கி உட்காரவைத்து, பெரியவர்களுக்கான இரும்புச் சோதனைச் சட்டத்தை அவள் மூக்கில் மாட்டினார். அது வழுக்கி வாய்வரை வந்தது. ஒரு கையால் அதைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு மறு கையால் வில்லை வில்லையாகப் போட்டுப் பார்த்தார்.

"இது தெளிவா, அது தெளிவா?"

பரீட்சை என்று நினைத்துப் பயந்துபோன பிள்ளை எல்லாவற்றுக்கும் "ரெண்டும் தெளிவுப்பா" என்றது. இன்னொரு வில்லை விழுந்ததும் திடீரென்று அவர் முகத்தையே உற்றுப் பார்த்தது.

"அப்பா, உங்க தாடையில ஒரு மரு இருக்கு."

"அது நீ பிறக்கிறதுக்கு முன்னாடியே இருக்கு, பாப்பா."

அன்று பிடித்த பழக்கம். பள்ளிக்கூடம் விட்டு வந்தாலும் சரி, வேலைக்குப் போய் வந்தாலும் சரி, கல்யாணமாகி ஞாயிற்றுக்கிழமைகளில் வந்துபோகும் விருந்தாளி ஆன பிறகும் சரி, வாசல்படி ஏறியதும் அப்பா கையை நீட்டுவார். அவள் முகத்திலிருந்து கண்ணாடியைக் கழற்றுவார். ‘ஹா’ என்று ஊதித் துடைப்பார், திருகாணியை முடுக்குவார், மூக்குத்தாங்கியை வளைத்துச் சரிபண்ணுவார். அதற்கு இரண்டு நிமிஷம் ஆகும். அந்த இரண்டு நிமிஷமும் அப்பா அவளுக்கு வெள்ளைச் சட்டை போட்ட ஒரு மங்கல். பிறகு கண்ணாடியைத் திரும்ப மாட்டிவிட்டு, "இப்ப தெரியுதா?" என்பார். "மரு தெரியுது" என்பாள் அவள். உள்ளேயிருந்து அம்மா, "வந்ததும் வராததுமா பிள்ளை கண்ணாடியைப் பிடுங்கியாச்சா?" என்று குரல் கொடுப்பாள். இருபத்தெட்டு வருஷமாக இதில் ஒரு வார்த்தை மாறியதில்லை.

பள்ளிக்கூடத்தில் அவளுக்குச் சோடாபுட்டி என்று பெயர். அழுதுகொண்டு வந்த நாட்களில் அப்பா ஆறுதல் சொல்லத் தெரியாமல் புதுச் சட்டம் ஒன்றை எடுத்து நீட்டுவார். வேண்டுமென்று கேட்டு அழுதாளா, வேண்டாமென்று அழுதாளா என்று அவர் விசாரித்ததே இல்லை. பாவம், அவரிடம் இருந்தது அதுதான்.

இப்போது அவள் பெரிய ஓட்டல் ஒன்றின் சலவைப் பிரிவுக்கு மேற்பார்வையாளர். நீராவி இஸ்திரி மெஷின்கள் எட்டு. ஒவ்வொன்றின் மூடியைத் திறக்கும்போதெல்லாம் அவள் கண்ணாடியில் ஆவி மூடிவிடும். துடைத்து மாட்டுவதற்குள் அடுத்த மூடி திறக்கும். போன மாதம் அப்படி ஒன்றும் தெரியாமல் கையை வைத்ததில் மணிக்கட்டில் விரல் நீளத்துக்குச் சுட்டுக்கொண்டாள். இத்தனை வருஷமாக ஜாடையாகச் சொல்லிவந்த கணவன், மருந்து போட்டுவிட்டு இந்தத் தடவை நேரடியாகவே சொன்னான்.

"கண்ணுக்கு லேசர் பண்ணிக்கோ, கண்ணாடியே வேண்டாம். இன்னிக்குக் கை, நாளைக்கு முகம்னா என்ன செய்வே?"

"அப்பாவுக்குத் தெரிஞ்சா?"

லேசர் என்ற சொல்லே அப்பாவுக்கு ஆகாது. "கண்ணு என்ன கத்திரிக்காயா, சீவி எடுக்க?" என்பார். பத்து வருஷ வாடிக்கைக்காரர் ஒருவர் லேசர் செய்துகொண்டு சந்தோஷமாகச் சொல்ல வந்தபோது, கணக்குப் பார்க்கிற மாதிரி குனிந்துகொண்டு நிமிரவே இல்லை. அந்நியருக்கே அப்படியென்றால் சொந்த மகளுக்கு? கோபித்துக்கொண்டால் தாங்கிக்கொள்வாள். அவர் வாயை மூடிக்கொண்டு, அடுத்த ஞாயிறு வாசலில் கையை நீட்டாமல் இருந்துவிட்டால் என்ன செய்வது? அந்தப் பயம்தான் அவளை நாலு வருஷமாகத் தடுத்து வைத்திருந்தது.

இருந்தும் போனாள். கண் டாக்டர் எல்லாம் பார்த்துவிட்டு, "பவர் மாறாம நிலையா இருக்குன்னு பழைய ரெகார்டு ஏதாவது இருக்காம்மா?" என்று கேட்டார். இருந்தது. ஆறு வயதிலிருந்து ஒவ்வொரு பவரும் தேதி போட்டு, அப்பாவின் குண்டுக் கையெழுத்தில், கடையில் வாடிக்கைக்காரர் அட்டைகளை அடுக்கிய மரப்பெட்டியின் முதல் அட்டையாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை திருகாணி தேடுகிற சாக்கில் அதை எடுத்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். அப்பா கண்ணாடி போட்டுவிட்ட கண்ணுக்கு அப்பா எழுதிய அட்டையைத் திருடியே ஆபரேஷன். இதைவிடப் பெரிய துரோகம் ஒரு மகளால் செய்ய முடியுமா?

ஆபரேஷன் என்னவோ சப்பென்று முடிந்தது. படுக்கவைத்துக் கண்ணில் மரத்துப்போகும் மருந்து விட்டார்கள். "சிவப்பு விளக்கையே பாருங்கம்மா, கண்ணை அசைக்காதீங்க" என்றார் டாக்டர். கண்ணை எதுவோ அழுத்தியது, ஒரு கணம் எல்லாம் இருண்டது, மறுபடி சிவப்பு, முடி கருகுகிற மாதிரி ஒரு வாடை. ஒரு கண்ணுக்கு அரை நிமிஷம்கூட ஆகவில்லை. ஆனால் அன்று சாயங்காலம் முழுக்க மிளகாய்ப்பொடி விழுந்த மாதிரி எரிச்சல், தாரைதாரையாகக் கண்ணீர். கணவன் விட்ட முதல் சொட்டு மருந்து மூக்கில் விழுந்தது, இரண்டாவது காதுக்குப் போனது. கண்ணைக் கசக்கிவிடக் கூடாதென்று தூங்கும்போது பிளாஸ்டிக் மூடி ஒட்டவேண்டியிருந்தது. "தவளையைக் கட்டிக்கிட்ட மாதிரி இருக்கு" என்றான். சிரித்தால் பிளாஸ்திரி இழுத்தது.

மறுநாள் காலையில் மூடியை எடுத்ததும், பழக்கதோஷத்தில் கண்ணாடிக்காகக் கை பக்கத்து ஸ்டூலைத் துழாவியது. அப்புறம்தான் நிமிர்ந்து பார்த்தாள். எதிர்ச் சுவரில் காலண்டரின் சின்ன எழுத்துகூடப் பளிச்சென்று இருந்தது. அந்த நிமிஷம் அவளுக்கு முதலில் அப்பாவிடம்தான் சொல்லத் தோன்றியது. யாரிடம் சொல்ல முடியாதோ அவரிடம்தான் சொல்லத் தோன்றியது என்பதை நினைத்து, அழக் கூடாது என்று டாக்டர் சொல்லாததால் கொஞ்ச நேரம் அழுதாள்.

வேலை, வேலை என்று மூன்று ஞாயிறு டிமிக்கி கொடுத்தாயிற்று. நாலாவது ஞாயிறுக்கு ஒரு யோசனை செய்தாள். அதே பழைய பழுப்புச் சட்டத்தில் பவர் இல்லாத வெறும் கண்ணாடியைப் போட்டு வாங்கினாள். அதற்காகக் கண்ணாடிக்காரர் மகள் வாழ்க்கையில் முதல்முறையாக வேறு கண்ணாடிக் கடை ஏறினாள். "மாமாவுக்கு இப்ப எங்க அவ்வளவு கண்ணு தெரியுது?" என்று கணவன் தைரியம் சொன்னான். யாரிடம் எதை மறைக்கப் போகிறோம் என்று இரண்டு பேருமே யோசிக்கவில்லை. சமையல்காரருக்குப் பழைய சோற்றைப் புதுசு என்று பரிமாறக் கிளம்பிய கதைதான் இது.

அப்பா முன்னறையிலேயே இருந்தார். அவள் படி ஏறியதும் கையை நீட்டினார். அவளுக்கு அப்பாடா என்று இருந்தது. கண்ணாடியைக் கழற்றினார்.

கழற்றிய பிறகும் அப்பா மங்கவில்லை.

இதை அவள் எதிர்பார்த்திருக்கவில்லை. இத்தனை வருஷத்தில் இந்த இரண்டு நிமிஷம் அப்பாவின் முகம் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது, இப்போது தெரிந்தது. கை தன்பாட்டுக்குத் துடைத்துக்கொண்டிருக்க, அவர் கண்ணாடியையே பார்க்கவில்லை. அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். நெற்றியிலிருந்து தாடைவரை மெதுவாக, நிதானமாக, யாரும் தன்னைப் பார்க்கவில்லை என்ற தைரியத்தில் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் பழைய மாதிரியே கண்ணை எங்கோ வைத்துக்கொண்டு, மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள்.

பிறகு அவர் கண்ணாடியைத் தூக்கிப் பிடித்து இப்படியும் அப்படியும் அசைத்தார். பவர் இருந்தால் அதற்குள் தெரிகிற கதவு நிலை கூடவே நெளியும். கதவு நிலை அசையாமல் நின்றது. அப்பாவின் முகம் வாடுகிறதா என்று பார்த்தாள். வாடவில்லை. அவர் பாட்டுக்குத் திருகாணியை முடுக்கினார், மூக்குத்தாங்கியை வளைத்தார். எந்த வேலையும் பாக்கி வைக்கவில்லை.

"சொட்டு மருந்து வேளாவேளைக்குப் போடறியா?" என்றார்.

"அப்பா..."

"அட்டை காணாமப்போன அன்னிக்கே தெரியும். திருகாணி தேடறவ மரப்பெட்டியை எதுக்குத் திறக்கணும்? பழைய பவரெல்லாம் கேக்கறது லேசர் டாக்டருங்கதான். நீயா சொல்லுவேன்னு நாலு வாரமா உக்காந்திருக்கேன்."

"உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்னுதான்ப்பா சொல்லல."

"கஷ்டமாத்தான் இருந்தது. லேசருக்காக இல்ல. ஆபரேஷன்னு போறப்ப கூட வர அப்பன் இல்லாத மாதிரி போயிருக்கியே, அதுக்கு."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். குனிந்தபடியே கேட்டாள்.

"எப்பவும் இப்படித்தான் என்னையே பாத்துட்டிருப்பீங்களாப்பா?"

பிடிபட்ட மாதிரி அவர் சிரித்தார். "வேற எப்ப பாக்கறது? ஆறு வயசுல நானே ஒரு கண்ணாடியை மாட்டி உன் முகத்தை மறைச்சுட்டேன். அதுக்கப்புறம் எனக்குன்னு கிடைச்சது இந்த ரெண்டு நிமிஷம்தானே."

அட்டையைக் கேட்டு வாங்கினார். கடைசி வரியில், எந்த நாள் என்று அவளிடம் கேட்டுத் தேதி போட்டு, வலது கண் பூஜ்யம், இடது கண் பூஜ்யம் என்று குண்டு எழுத்தில் எழுதி மரப்பெட்டியில் முதலாவதாக வைத்தார். துடைத்த கண்ணாடியை அவளுக்கு மாட்டவில்லை. தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, எப்போதும் நிற்கிற இடத்தில் வெறுங்கையோடு நின்றார்.

"இப்ப தெரியுதா?"

"மரு தெரியுது" என்று வாய் தானாகச் சொன்னது. சொன்ன பிறகுதான் அவள் உண்மையிலேயே பார்த்தாள்.

"அப்பா, அதுல ஒரு வெள்ளை முடி முளைச்சிருக்கு."

கண்ணாடிக்காரர் தாடையைத் தடவிக்கொண்டார்.

"அது அஞ்சு வருஷமா இருக்கு, பாப்பா."