கிணற்றடிச் சிறுகுறிஞ்சான்

பெரியநாயக்கன்பாளையத்தில் பஸ் ஏறியதிலிருந்தே ரங்கம்மாளுக்கு வயிறு எரிந்துகொண்டு வந்தது. கணவர் காளிச்சாமிக்குச் சர்க்கரை வியாதி. கால்விரல் புண் ஆறவில்லை. இப்படியே இருந்தால் விரலை எடுத்துவிட வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். போன வருஷம், தொண்ணூற்று மூன்று முழுக்க, சர்க்கரை அடங்கித்தானே இருந்தது? இந்த வருஷம் என்ன கேடு வந்தது? கோட்டைமேட்டு மூலிகைக் கடை யாகூப் பாய் சொன்ன சிறுகுறிஞ்சான் இலையைத்தானே மாத்திரையோடு தினமும் மென்று தின்கிறார்? அந்த மனுஷனை நாலு வார்த்தை கேட்காமல் விடுவதில்லை என்று ஒரு பை இலையைப் பறித்துக்கொண்டு கிளம்பியிருந்தாள்.

கடையில் ஆள் நிற்பதைக்கூட அவள் பார்க்கவில்லை. இலையை மேஜைமேல் கொட்டி, இதுவும் ஒரு பிழைப்பா என்று ஆரம்பித்து மூச்சு வாங்கும்வரை திட்டினாள்.

யாகூப் ஓர் இலையை எடுத்துப் பார்த்தார். வெற்றிலை அகலம் இருந்தது. எங்கே பறித்தது என்று கேட்டார். அந்த ஆத்திரத்திலும் அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. கடைக்கு இலை வருகிற அதே மலையடிவாரத்து வேலியில் கொடியை வெட்டி வந்து, கிணற்றடியில் நட்டு, சாணி எருவும் யூரியாவும் போட்டு வளர்த்தவள் அவள். அவள் தோட்டத்தில் எந்தச் செடியும் தண்ணீருக்கு வாடி நின்றதில்லை.

அவர் அவள் இலையையே மெல்லச் சொல்லி, கொஞ்சம் சீனி கொடுத்தார். இனித்தது. வாயைக் கொப்பளிக்க வைத்து, டப்பாவிலிருந்த சின்ன வேலி இலையைக் கொடுத்தார். அதை மென்றபின் அதே சீனி மண்ணை அள்ளிப் போட்டதுபோல் இருந்தது.

"மருந்து இருக்கற எலைன்னா நாக்குல இனிப்பே தெரியாதுங்க்கா. கொடி ஒண்ணுதான். காஞ்ச மண்ணுல தவிச்சு வளந்தாத்தான் எலையில மருந்து ஏறுது. நீங்க அதைச் சொகமா வளத்திப்போட்டீங்க."

ரங்கம்மாள் கொட்டிய இலையைப் பையில் அள்ளினாள். அப்புறம்தான் அவளுக்குக் காபி ஞாபகம் வந்தது. கடையில் வாங்கிய வேலி இலை தின்ற காலத்தில் இனிப்பே தெரியவில்லை என்று காளிச்சாமி காபியையே விட்டிருந்தார். கிணற்றடி இலைக்கு மாறியதும் நாட்டுச்சர்க்கரை போட்டுக் கேட்டு வாங்கிக் குடித்தார். உடம்பு தேறுகிறது என்று நம்பி அவளும் சந்தோஷமாகக் கலக்கிக் கொடுத்தாள்.

வீட்டுக்கு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"நம்ம எலையில வேலை இல்லைன்னு உங்களுக்குத் தெரியுமுங்களா?"

காளிச்சாமி கட்டுப் போட்ட தன் காலைப் பார்த்தார். "மொத நாளே தெரியும் அம்மணி. நீ அத்தனை ஆசையா வளத்தினே, எப்படிச் சொல்றது? அதுவுமில்லாம, காபி நல்லா இருந்துச்சு."

அவள் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள். காபி நல்லா இருந்துச்சாமா, காபி நல்லா இருந்துச்சாமா என்று சொல்லிச் சொல்லி வெட்டினாள். கண்ணீர் மூக்கில் வழிந்தது, துடைக்கவில்லை. அவளே எருப் போட்டு ஊன்ற வைத்த வேர், லேசில் வரவில்லை.