மூன்றாவது டார்ச்

என்னை அந்தக் கடையில் வேலைக்கு வைத்தது பித்தளை விளக்கு துலக்கத்தான். எறணாகுளத்துக்குப் பக்கத்தில் ஜூ டவுனில் பழம்பொருள் விற்கும் நைனா முகம்மது முதலாளிக்குப் போனில் படம் எடுக்கும்போது கை நடுங்கும். அதனால் நகைகளைப் போட்டோ எடுக்கிற வேலை என்னிடம் வந்தது. அந்தக் கடையில் எனக்கு நாற்காலியில் உட்கார்ந்து செய்யக் கிடைத்த ஒரே வேலை அது. புளி ஊறிய விரலோடு தரையில் குந்தியிருந்தவளுக்கு ஒரு மேசை, ஒரு நாற்காலி, "வீரலட்சுமி, அந்த மூக்குத்தியை எடுத்தியா?" என்று கேட்க ஒரு ஆள். எனக்கு அது பெரிய விஷயம். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும்.

அதற்கும் வந்தது வினை. பெங்களூரிலிருந்து அமுதவள்ளி என்றொரு அம்மா, வாங்கிய மூக்குத்தியை வந்த வேகத்தில் திருப்பி அனுப்பினார். போட்டோவில் கல் ரோஸ், கைக்கு வந்தது வெள்ளை என்றார். இப்போது அவருக்கே ஒரு ஏழுகல் தோடு வேண்டுமாம், வெள்ளைக்கல். கண்ணால் பார்க்கிற மாதிரியே படம் வேண்டும், வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள்.

முதலாளி சாயாவை ஆற்றிக்கொண்டே சொன்னார். "இதுவும் சரியா வரலேன்னா எறணாகுளத்து ஸ்டுடியோக்காரன்ட்ட கொடுத்துருவேன். போட்டோ வேலை முழுக்க அவனுக்குத்தான். உன்னைக் குத்தம் சொல்லலை. லைட்டு சரியில்லை."

நானும் லைட்டு சரியில்லை என்றுதான் நம்பினேன். கடைக்குள் பட்டப்பகலிலும் இருட்டு. ஜன்னலை மறைத்து இரண்டு தேக்கு அலமாரிகள் நிற்கின்றன, விற்கிறவரைக்கும் நகராது. வீட்டிலிருந்து டார்ச் கொண்டுவந்தேன். அது நீலம் அடித்தது, தங்கம் பித்தளை மாதிரி தெரிந்தது. பித்தளையைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். அடுத்து ஒரு மஞ்சள் டார்ச் வாங்கினேன். அதில் வெள்ளைக்கல் எல்லாம் புஷ்பராகமாகிவிட்டது.

பஜாரில் டார்ச்சும் பேட்டரியும் விற்கிற ஷானவாஸ் நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, விரல் நீளத்தில் ஒன்றை எடுத்தான்.

"ரெண்டுக்கும் நடுவுல ஒண்ணு உண்டு சேச்சி. நியூட்ரல் ஒயிட். கையை நீட்டுங்க."

என் உள்ளங்கையில் அடித்தான். கை கையின் நிறத்திலேயே இருந்தது. ரேகை, புளிக்கறை, எல்லாம் உள்ளபடி தெரிந்தன. சுவரில் அடித்துக் காட்டினான், வட்டம் திட்டுத் திட்டாக இல்லாமல் ஒரே சீராக விழுந்தது. "பக்கத்துல வச்சு எடுக்கறப்ப வெளிச்சத்தைக் குறைச்சு வைங்க. இல்லேன்னா கல்லு கண்ணை அடிக்கும்" என்றான். நான் அதைக் குழந்தையைத் தூக்கி வருவதுபோலத் தூக்கி வந்தேன்.

படம் எடுத்தேன். கல் ரோஸ்.

சாய்த்துப் பிடித்தேன், தூரப் பிடித்தேன், குறைத்து வைத்தேன். ரோஸ்தான். வெள்ளிக்கிழமை காலையில் கடை திறந்ததும் ஷானவாஸிடம் போய் நன்றாகச் சத்தம் போட்டேன். அவன் டார்ச்சைத் தன் கையில் அடித்துப் பார்த்தான். பிறகு என் போனை வாங்கினான்.

"தோட்டுக்கு அடியில எந்தா இது?"

"ரோஸ் தாள். நகைன்னா அதுலதான வைப்பாங்க?"

"டார்ச்சு சரியாத்தான் இருக்கு சேச்சி. அந்தத் தாள்ல பட்ட வெளிச்சம்தான் கல்லுல ஏறுது. வெள்ளையில வச்சு எடுங்க."

எங்கள் ஊரிலும் சரி, இங்கேயும் சரி, ரோஸ் தாள் இல்லாமல் நகை கைமாறி நான் பார்த்ததில்லை. அது என் கண்ணில் ஒரு நிறமாகவே பட்டதில்லை. பாவம், அந்த மூன்றாவது டார்ச்சையும் வாய்க்கு வந்தபடி திட்டியிருந்தேன்.

மதியம் முதலாளி ஜும்மா தொழுகைக்குப் போனார். சாப்பாட்டுப் பையில் துவைத்த வெள்ளைத் துண்டு இருந்தது. மேசையில் விரித்து, தோட்டை வைத்து, டார்ச்சைக் குறைத்துப் பிடித்தேன். கல் கல்லாக இருந்தது, தங்கம் தங்கமாக இருந்தது. தனியாக உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தேன்.

சிரிப்பு அடங்குவதற்குள் அவர் வந்துவிட்டார். வாசலிலேயே நின்றார்.

"எடுத்துரு."

"முதலாளி, படத்தைப் பாருங்க, அப்படியே..."

"தோட்டை எடுத்துரு, வீரலட்சுமி."

தொப்பியைக்கூடக் கழற்றாமல் ஸ்டூலில் உட்கார்ந்தார். "என் ஜைனபா இறந்தன்னைக்கு, அவளைக் குளிப்பாட்டறதுக்கு முன்ன, அவ கம்மலைக் கழற்றி இப்படித்தான் வெள்ளைத் துணியில வச்சு எங்கிட்ட நீட்டுனாங்க. அதுக்குப் பின்ன நகையை வெள்ளையில பார்க்க என்னால முடியலை. படம் இருந்தா அதையும் அழிச்சுரு."

அவர் கத்தியிருந்தால் நானும் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். மனைவியை நினைத்துக் கண் கலங்கி உட்கார்ந்திருக்கிற மனிதரிடம் என்ன கேட்பது? படத்தை அழித்தேன். வேறு நிறத்தில் துணி தேடலாம் என்று சொல்லத் திரும்பியபோது அவர் ஸ்டுடியோவோடு போனில் பேசிக்கொண்டிருந்தார். தோட்டை ரோஸ் தாளில் மடித்து, ஆட்டோவில் அனுப்பிவிட்டார்.

சாயங்காலம் படம் வந்தது. அமுதவள்ளி அம்மாவுக்கும் போனது, உடனே சம்மதம் என்றார். முதலாளி குடுகுடுவென்று என்னிடம் வந்து போனை நீட்டினார்.

"பாரு, கல்லு கல்லா இருக்கு. இனி எல்லாம் இவனே எடுக்கட்டும்."

படம் முழுக்கத் தோடுதான், ஓரம் எதுவுமே தெரியவில்லை. நான் விரலால் பெரிதாக்கினேன். நடுக்கல்லுக்குக் கீழே ஒரு தங்கக் குண்டு. அதன் பளபளப்பில், சின்னதாக வளைந்து, தோட்டுக்கு அடியில் விரித்த வெள்ளைத் துணி தெரிந்தது.

நுனி நாக்கு வரை வந்துவிட்டது. சொன்னால் நாற்காலி ஒருவேளை எனக்கே திரும்பியிருக்கும். அவர் என் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார், மதியத்துக்குப் பிறகு முதல்தடவையாக. நான் படத்தைப் பழையபடி சின்னதாக்கிக் கொடுத்தேன். எனக்கு அழுகை அழுகையாக வந்தது.

"அவன்ட்ட எந்த டார்ச்சுன்னு கேட்டு நமக்கும் ஒண்ணு வாங்கணும்" என்றார். "நீ விளக்கு துலக்கறப்ப மூலை முடுக்கெல்லாம் தெரியும்."

"சரி முதலாளி" என்றேன். மூன்றாவது டார்ச் என் இடுப்பில்தான் இருந்தது. புளிச்சட்டியை இழுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன்.