சனிக்கிழமைப் பாவங்கள்

சவரிராயனுக்கு இங்கிலீஷ் வராது என்று யாரும் சொல்லிவிட முடியாது. பி.ஏ. பரீட்சையில் அவன் இங்கிலீஷில் வாங்கிய மார்க்கைக் கேள்விப்பட்டுப் பாலக்கரையில் இரண்டு தகப்பன்மார் தங்கள் பிள்ளைகளை அடித்திருக்கிறார்கள். எழுதச் சொன்னால் எழுதுவான். படிக்கச் சொன்னால் படிப்பான். எதிரே ஒரு முகம் உட்கார்ந்துகொண்டு பேசச் சொன்னால்தான் நாக்கு மேலே போய் ஒட்டிக்கொள்ளும்.

இதற்காக அவன் பதில்களை மனப்பாடம் செய்துகொண்டு போவது வழக்கம். முதல் இன்டர்வியூ ஓர் இன்சூரன்ஸ் கம்பெனியில். பொழுதுபோக்கு என்ன என்று கேட்டார்கள். தபால்தலை சேகரிப்பது என்று ஒப்பித்தான். கேட்டவர் முகம் மலர்ந்து, மேஜை டிராயரைத் திறந்து, தம்முடைய ஆல்பத்தை எடுத்து வெளியே வைத்தார். அதோடு முடிந்தது. இரண்டாவது இன்டர்வியூவில் ஜாக்கிரதையாகத் தோட்டக்கலை என்றான். ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டி அது என்ன என்று கேட்டார்கள். "மரம்" என்று இங்கிலீஷில் சொன்னான். விடை சரிதான். வேலைதான் கிடைக்கவில்லை.

மூன்றாவதாக வந்தது கன்டோன்மென்ட்டில் இருந்த பிங்க்லி அண்ட் டோவர் தேயிலைக் கம்பெனி. டெலிபோன் போர்டுக்கு ஓர் ஆபரேட்டர் தேவை. எழுத்துப் பரீட்சை கிடையாது, பேச்சுப் பரீட்சை மட்டும். ஐந்து வாரம் கழித்து ஒரு திங்கட்கிழமை.

தாய்மாமன் அடைக்கலராஜுக்குப் பாலக்கரையில் சுருட்டுக் கடை. அவர் அந்த இன்டர்வியூ கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுவும் ஊத்திக்கிச்சுன்னா ஒண்ணாந்தேதி கடைக்கு வந்துடு மாப்ளே. சுருட்டுக்கு இங்கிலீஷ் வேணாம்" என்றார். அன்பாகத்தான் சொன்னார். சவரிராயனுக்குச் சுருட்டு வாடை பட்டால் கண்ணுக்குப் பின்னால் ஒரு தலைவலி கிளம்பும். ஆயுசு முழுக்க அந்தத் தலைவலியோடு கல்லாவில் உட்கார்ந்திருப்பதை அவன் மனக்கண்ணில் பார்த்தான். படம் தெளிவாகத் தெரிந்தது.

அதே வேலைக்கு அவனுடைய காலேஜ் தோழன் ரங்கசாமியும் மனுப் போட்டிருந்தான். ஸ்ரீரங்கத்துக்காரன். கோபுரத்தடியில் வெள்ளைக்காரர்கள் வந்து இறங்கினால், வழி கேட்காமலே வழி சொல்லி அவர்களோடு பேசிப் பழகுகிறவன். எந்த வாரம் எந்த நாட்டுக்காரன் வந்தானோ அந்த வாரம் அந்த நாட்டு உச்சரிப்பு. தெப்பக்குளத்துக் காபி கிளப்பில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள்.

"உனக்கென்னப்பா ரங்கா, வெள்ளைக்காரன் ஊரைத் தேடிக்கிட்டு வர்றான்."

"உங்க கோயில்ல ஒருத்தர் வந்து நிரந்தரமா உக்காந்திருக்காரே! அதுவும் பெட்டிக்குள்ள. நீ பேச ஆரம்பிச்சா அவரால எழுந்து ஓடக்கூட முடியாது."

"டேய், அது சாமியார்கிட்ட பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேக்கற பாவசங்கீர்த்தனம்டா. அதுல போய் இங்கிலீஷ் பழகறது பாவம்."

"பாவம்னா அதையும் அங்கேயே சொல்லிட்டு வந்துடலாம். எவ்வளவு வசதி! எங்க பெருமாளும் எல்லாத்தையும் கேட்டுக்கறார், ஆனா பதில் பேசமாட்டேங்கறாரே."

ரங்கசாமி சிரித்துவிட்டுக் காபியைக் குடித்தான். சவரிராயன் சிரிக்கவில்லை.

ரங்கசாமி சொன்னவர் பாதர் கிளமென்ட். அயர்லாந்துக்காரர். சிலோனில் முப்பது வருஷம் இருந்துவிட்டு ஓய்வுக்காகத் திருச்சிக்கு வந்தவர். தமிழில் "கொஞ்சம் கொஞ்சம்" என்பதை மட்டும் நன்றாகச் சொல்வார். காது சற்று மந்தம். சனிக்கிழமை சாயந்திரம் மற்றச் சாமியார்களின் பாவசங்கீர்த்தனத் தொட்டிகளுக்கு முன்னால் நீண்ட வரிசை நிற்கும். பாதர் கிளமென்ட்டின் தொட்டிக்கு முன்னால், அவருக்குப் புரியாது என்ற தைரியத்தில், அதைவிட நீண்ட வரிசை நிற்கும்.

முதல் சனிக்கிழமை சவரிராயன் முழங்காலிட்டான். நடுவில் மரச்சல்லடை. அந்தப் பக்கம் இருட்டு. முகம் இல்லை, காது மட்டும். ஒரு கனைப்புக் கனைத்துவிட்டு இங்கிலீஷில் ஆரம்பித்தான். நாக்கு எங்கேயும் ஒட்டவில்லை. அம்மாவை எதிர்த்துப் பேசியது, தங்கை லூர்துராணியின் பங்கு முறுக்கைத் தின்றது, பூசையில் தூங்கியது எல்லாம் தடையில்லாமல் வந்தன.

"மறுபடி சொல், மகனே. காதில் விழவில்லை" என்றார் பாதர்.

சத்தமாகச் சொல்ல முடியாது. முதுகுக்குப் பின்னால் ஆறடி தூரத்தில், வரிசையில் அடுத்ததாக, ஊர்வம்பு ஒன்றையும் விடாத இருதயமேரி அக்கா நின்றாள். அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் மறுநாளே தெரிந்த ஒருவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வாள். ஆகவே குரலை ஏற்றாமல், ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி, சல்லடை ஓட்டை வழியே ஊசியில் நூல் கோப்பதுபோல் அனுப்பினான். இந்தத் தடவை விழுந்தது. மூன்று தடவை 'அருள் நிறைந்த மரியே' மந்திரம் சொல்லவேண்டும் என்று அபராதம். மொத்தம் நான்கே நிமிஷத்தில் பாவம் தீர்ந்துவிட்டது.

அதுதான் சங்கடம். சவரிராயன் ஒழுக்கமான பையன். வாரத்துக்கு நான்கு நிமிஷத்துக்கு மேல் அவனிடம் பாவம் கிடையாது. பேச்சுப் பரீட்சைக்கு அது போதாது.

பேச்சுப் பரீட்சையில் என்னென்ன கேட்பார்கள் என்று ஒரு ஜாபிதா வைத்திருந்தான்: சொந்த ஊர், பிரயாணம், சாப்பாடு, சீதோஷ்ணம், வாகனம். ஒவ்வொன்றுக்கும் ஏற்ற பாவத்தைத் தேடினான். இரண்டாவது வாரம் சொந்த ஊருக்காக முசிறியில் வாழைத்தார் திருடினான். அதாவது, திருடியதாகச் சொன்னான். காவேரிக்கரை, கரையை ஒட்டிய தோட்டம், இலைகளின் நடுவே காலை வெயில் எல்லாவற்றையும் வர்ணித்த பிறகுதான் தாரில் கை வைத்தான். எட்டு நிமிஷம்.

"திருடியதைத் திருப்பிக் கொடுத்தால்தான் மன்னிப்பு" என்றார் பாதர்.

அடுத்த வாரம், திருப்பிக் கொடுக்கப் போன பஸ் பிரயாணத்தைச் சொன்னான். தோட்டக்காரர் என்ன சொன்னார், அதற்கு இவன் என்ன சொன்னான், நடுவில் தோட்டக்காரரின் மனைவி என்ன சொன்னாள் எல்லாம் வந்தது. பதின்மூன்று நிமிஷம். நான்காவது வாரம் ஒரு கல்யாண வீட்டில் அழையாமல் சாப்பிட்டு, ஒவ்வொரு பதார்த்தமாக மனம் வருந்தினான். பாயசத்துக்கு வருந்துகையில் பாதர் எச்சில் விழுங்கும் சத்தம் கேட்டது.

உள்ளே முன்னேற்றம் இப்படி இருக்க, வெளியே கௌரவம் சரிந்துகொண்டிருந்தது. லூர்துராணி வீட்டில் கேட்டே விட்டாள்.

"அண்ணா, இருதயமேரி அக்கா நீ உள்ள இருக்கற நேரத்தைக் கடிகாரத்துல பாக்கறாங்களாம். முந்தின வாரம் பதிமூணு, இந்த வாரம் பதினேழு. அப்படி என்னதான் பண்றே நீ?"

"இங்கிலீஷ்ல சொல்றேன். நேரம் ஆகத்தான் செய்யும்."

"தமிழ்ல சொல்ல முடியாத பாவமா? பண்றதையும் பண்ணிட்டு இங்கிலீஷ்ல வேற பண்ணியிருக்கியா? அம்மா உனக்காக ஒன்பது நாள் நவநாள் ஜெபம் வேண்டிக்கிட்டிருக்காங்க, தெரியுமா?"

பரீட்சைக்கு முந்திய சனிக்கிழமை வந்தது. ஜாபிதாவில் பாக்கி இருந்தது வாகனம் மட்டும். சவரிராயன் முழு நம்பிக்கையோடு முழங்காலிட்டு, ஒரு சைக்கிளைத் திருடியதாக ஆரம்பித்தான்.

"எங்கே?" என்றார் பாதர்.

"இந்தக் கோயில் வளாகத்திலேயே, பாதர். நேற்றுக் காலையில்."

"எப்படிப்பட்ட சைக்கிள்?"

கண்ணால் தினமும் பார்த்த ஒன்றையே வர்ணித்தான். கறுப்பு. முன்னால் பிரம்புக் கூடை. மணியின் மூடி நசுங்கியிருக்கும். பின்சக்கரத்து மட்கார்டில் வெள்ளைப் பெயின்ட்.

பாதரின் குரல் சல்லடைக்கு வெகு அருகில் வந்தது.

"அது என்னுடைய சைக்கிள், மகனே. இப்போது அதில்தான் வந்தேன்."

சவரிராயன் தயாரித்து வைத்திருந்த வாக்கியங்கள் எல்லாம் ஒரேயடியாகத் தீர்ந்துபோயின. பின்னால் இருதயமேரி அக்கா செருமினாள். எழுந்து ஓடலாம், ஓடினால் அவள் வாயில்தான் போய் விழவேண்டும். வேறு வழியில்லாமல் வாயைத் திறந்தான். பேச்சுப் பரீட்சையைச் சொன்னான். எதிரே முகம் இருந்தால் நாக்கு ஒட்டுவதை, ஆல்பத்தை, மரத்தை, மாமாவின் கடையை, தலைவலியைச் சொன்னான். முசிறியில் தனக்குத் தோட்டக்காரர் யாரையும் தெரியாது என்றான். எதையும் முன்கூட்டி எழுதிவைக்கவில்லை. பாதர் ஒரு தடவைகூட "மறுபடி சொல்" என்று கேட்கவில்லை. அதை அப்புறம்தான் கவனித்தான்.

"அந்தக் கல்யாணச் சாப்பாடும் பொய்யா?" என்றார் பாதர். குரலில் கொஞ்சம் ஏமாற்றம் இருந்ததுபோல் பட்டது.

"பொய்தான், பாதர்."

"பாயசம்?"

"அதுவும்தான்."

பாதர் பெருமூச்சு விட்டார். "அபராதம் கேட்டுக்கொள். திங்கட்கிழமை அந்தப் பரீட்சையில் ஒரு பொய் சொல்லக்கூடாது. ஒன்றே ஒன்றுகூட."

சவரிராயனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "பாதர், ஐம்பத்துமூன்று மணி ஜெபமாலை சொல்லிவிடுகிறேனே?"

"ஒன்றே ஒன்றுகூட."

திங்கட்கிழமை காலையில் பிங்க்லி அண்ட் டோவர் வராந்தாவில் ஐந்து பேர் இருந்தார்கள். ரங்கசாமி டை கட்டியிருந்தான். அந்த வாரம் ஸ்ரீரங்கத்துக்கு அமெரிக்கர்கள் வந்திருந்தார்கள் என்று அவன் "குட் மார்னிங்" சொன்ன விதத்திலேயே தெரிந்தது. அவனைத்தான் முதலில் கூப்பிட்டார்கள். ஐந்தே நிமிஷத்தில் மலர்ந்த முகத்தோடு வந்தான்.

"துரை மாடியில இருக்கார்டா. கீழ போர்டு ரூம்ல உக்கார வெச்சு, காதுல மாட்டிவிட்டு டெலிபோன்லயே கேக்கறார். கடைசியா கோபமா ஒரு சத்தம் போடுவார், பயப்படாதே. மெட்ராஸ் லைன் கேப்பார். 'ரெண்டே நிமிஷம் சார்'னு ஸ்டைலா அடிச்சு விட்டேன். மனுஷன் அசந்துட்டார், பேச்சே இல்லை."

சவரிராயன் காதில் விழுந்தது ஒன்றுதான்: முகம் கிடையாது.

போர்டு ரூமில் உட்கார்ந்து காதில் மாட்டிக்கொண்டான். கண்ணெதிரே சின்னச் சின்ன ஓட்டைகளாக இருந்த போர்டு பார்த்துப் பழகிய சல்லடையாகவே தெரிந்தது. மேனேஜர் விட்லாக் துரையின் குரல் வந்தது.

"இதற்கு முன் போர்டில் வேலை செய்திருக்கிறாயா?"

"இல்லை, சார்."

"பொழுதுபோக்கு?"

ஆல்பமும் மரமும் கண்முன் வந்து போயின. "ஒன்றும் இல்லை, சார். ரயில்வே கேட்டில் நின்று கூட்ஸ் வண்டிக்கு எத்தனை பெட்டி என்று எண்ணுவேன்."

"எதற்கு?"

"அது எனக்கும் தெரியவில்லை, சார்."

"இந்த வேலை ஏன் வேண்டும்?"

கம்பெனியின் பெருமை பற்றி மனப்பாடம் செய்திருந்த பத்து வரி தொண்டைவரை வந்தது. விழுங்கினான். "கிடைக்காவிட்டால் மாமாவின் சுருட்டுக் கடையில் உட்காரவேண்டும், சார். அந்த வாடை எனக்கு ஆகாது."

"எந்தக் கடை?"

சொன்னான்.

"நான் அங்கேதான் வாங்குகிறேன்" என்றது குரல். "நல்ல சுருட்டுத்தானே?"

சவரிராயன் கண்ணை மூடிக்கொண்டான். ஒன்றே ஒன்றுகூட. "கன்டோன்மென்ட்டுக்கு என்று அனுப்புவது உடைந்த சுருட்டைப் பிரித்து மறுபடி சுருட்டியது, சார்."

நாற்காலி நகரும் சத்தமும், எதையோ குப்பைக்கூடையில் போடும் சத்தமும் கேட்டன. வேலை போயிற்று என்று சவரிராயன் நிச்சயம் செய்துகொண்டான். அப்படி நிச்சயம் செய்துகொண்டதும் மனசு விச்சிராந்தியாகிவிட்டது.

திடீரென்று காதைப் பிளக்கும் சத்தம். "யாரது போர்டில்? அரைமணி நேரமாக மெட்ராஸ் கேட்கிறேன்! எப்போது கிடைக்கும்?"

"லைன் இல்லை, சார்" என்றான் சவரிராயன். குரலை ஏற்றவில்லை. ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி அனுப்பினான். "எப்போது வரும் என்று எனக்குத் தெரியாது. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை நானே கூப்பிட்டுச் சொல்கிறேன். வரவில்லை என்றால் வரவில்லை என்று சொல்கிறேன்."

"உன் குரல் ஏன் இவ்வளவு தணிவாக இருக்கிறது?"

"சத்தமாகச் சொன்னால் பின்னால் இருக்கிறவர்களுக்குக் கேட்கும், சார்."

வாரம் முடிவதற்குள் ஆர்டர் வந்தது. முந்திய ஆபரேட்டர் ஏழு வருஷமாக "ரெண்டே நிமிஷம் சார்" என்று சொல்லியே துரையின் ரத்தக் கொதிப்பை ஏற்றினார் என்பதும், ஆபீஸ் ரகசியங்கள் அவருடைய உரத்த தொண்டை வழியாகத்தான் கன்டோன்மென்ட் முழுக்கப் பரவின என்பதும் ஹெட் கிளார்க் அப்புறம் சொன்ன விவரங்கள். ரங்கசாமி ஆர்டரை வாங்கிப் படித்துவிட்டு, "யோசனை என்னோடது. முதல் மாசச் சம்பளத்துல காபி மட்டும் போதாது, டிபனும் சேத்து" என்றான். அவனுக்கு இரண்டு மாதத்தில் ஒரு டிராவல் ஏஜென்சியில் இடம் கிடைத்தது. அங்கே "ரெண்டே நிமிஷம் சார்" என்பதற்குத்தான் மதிப்பு.

அடைக்கலராஜ் மாமா மட்டும் ஒரு மாதம் வருத்தமாக இருந்தார். "வேலை கிடைச்சது சரி மாப்ளே. கன்டோன்மென்ட்ல பெரிய கிராக்கி ஒண்ணு திடீர்னு நின்னுபோச்சு, ஏன்னே தெரியலை" என்றார். சவரிராயனை அவர் நேராகக் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்கு அபராதத்தில் இடமில்லை.

வேலையில் சேர்ந்த முதல் சனிக்கிழமை சாயந்திரம் சவரிராயன் பாதர் கிளமென்ட்டின் வரிசையில் போய் நின்றான். ஜாபிதா எதுவும் எடுத்துவரவில்லை. இந்த வாரம்தான் அவனிடம் சொந்தச் சரக்கு இருந்தது. முழங்காலிட்டு, தணிந்த குரலில், தெளிவாகச் சொன்னான்:

"நான் பொய் சொன்னேன், பாதர். விட்லாக் துரை அறைக்குள் இருக்கும்போதே, டெலிபோனில் கூப்பிட்டவர்களிடம் அவர் இல்லை என்று சொன்னேன்."

"எத்தனை தடவை?"

"பதினேழு."

உள்ளே நாற்காலி கிரீச்சிட்டது. "ஆறு நாளில் பதினேழா? இது மெய்யா, மகனே, அல்லது மறுபடியும் பயிற்சியா?"

"பயிற்சி இல்லை, பாதர். உத்தியோகம்."

பின்னால் இருதயமேரி அக்கா கடிகாரத்தைப் பார்த்தாள்.