சொன்னதா, பார்த்ததா

...சொன்னதா, பார்த்ததா, இரண்டில் ஒன்றுதான், நடுவில் ஒன்று கிடையாது என்று புருஷனுக்காக வாதாடும் வக்கீலம்மா எத்தனை தடவை விரலை ஆட்டிச் சொல்லிவிட்டாள், அக்கா, புருஷன் பொண்டாட்டிகிட்ட சொன்ன பேச்சைக் கோர்ட்டு கூடத் தோண்டி எடுக்க முடியாது, ஆனா நீங்க கண்ணால பார்த்ததைக் கேட்டா சொல்லியாகணும் என்று. சொல்வதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. தொண்டையில் கட்டியோடு குரலையும் சேர்த்து வெட்டி எடுத்துவிட்ட மனிதனோடு குடும்பம் நடத்துகிறவள் எதைச் சொன்னது என்பாள், எதைப் பார்த்தது என்பாள்? காப்பியில் சர்க்கரை இல்லை என்பதைக்கூட அவர் கை ஜாடையைப் பார்த்துத்தானே தெரிந்துகொள்கிறாள். வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்த அவளுக்கு நேர் மேலே மின்விசிறி ஒரு மாதிரி தள்ளாடிச் சுற்றிக்கொண்டிருந்தது, நிமிர்ந்து பார்க்கக் கூடாது என்று வைராக்கியமாக இருந்தாள், ஏனென்றால் காதோரம் ஆள்காட்டி விரலைச் சுற்றினால் அவர்கள் வீட்டில் அது சுருட்டை. சுருட்டை முடிக்காரன், அவரோடு லிஃப்ட் வேலைக்குப் போன கூட்டாளி, இப்போது உயிரோடு இல்லாதவன். அவன் போனதிலிருந்து சுற்றுகிற எதைப் பார்த்தாலும் அவன் பெயரை யாரோ சொல்வது போல... மிக்ஸி, சைக்கிள் சக்கரம், டீயில் சுற்றும் கரண்டி. உலகத்தில் இத்தனை பொருள் சுற்றுகிறதா?

பக்கத்தில் வாட்ச்மேன், அந்த அடுக்குமாடிக் கட்டடத்தின் காவலாளி, அவரும் சாட்சி, காலையிலிருந்து வாய் ஓயவில்லை. இந்த பெஞ்சுல உக்காந்து உக்காந்து என் இடுப்பே தனியா சாட்சி சொல்லும் போலிருக்கும்மா, என்றார். அவள் சிரிக்கவில்லை என்றதும் குரலைத் தணித்து, நான் கேட்டதைத்தான் சொல்லப் போறேன், தப்பா எடுத்துக்காதே, என்றார். அவர் என்ன சொல்வார் என்று அவளுக்குத் தெரியும். கீழே லிஃப்ட் குழியில் இறங்கி வேலை செய்கிறவன் வெளியே ஏறியதும் ஸ்பேனரால் இரும்புச் சட்டத்தில் மூன்று தட்டுத் தட்ட வேண்டும், அது கேட்ட பிறகுதான் மேலே மிஷின் ரூமில் இருப்பவர் சுவிட்சைப் போட வேண்டும். அன்றைக்குத் தட்டு எதுவும் என் காதில் விழவில்லை, என்பார் வாட்ச்மேன். மேலே இருந்தது அவள் புருஷன், லிஃப்ட் இறங்கியது, சுருட்டை குழியில் இருந்தான். அவ்வளவுதான் கேஸ். தட்டு கேட்டது என்று நினைத்துப் போட்டிருந்தால் விபத்து, கேட்கவில்லை என்று தெரிந்தே போட்டிருந்தால் அது வேறு, அதற்கு ஆயுள் முழுக்க உள்ளே. சுருட்டை லேசுப்பட்டவன் இல்லை, நன்றாகச் சிரித்துப் பேசுவான், வீட்டுக்கு வந்தால் அண்ணி அண்ணி என்று உருகுவான், அதே வாயால் கம்பெனியில் இவரை ஊமைக்கோட்டான் என்று கூப்பிட்டு, இவர் கையை ஆட்டுவது போலவே ஆட்டிக் காட்டி எல்லோரையும் சிரிக்க வைப்பானாம், பேச முடியாதவன் தலைமை மெக்கானிக்கா இருந்தா ஆபத்து என்று முதலாளி காதில் போட்டதும் அவன்தானாம். அதற்காகவா? அதற்காக ஒரு மனுஷன்... வேண்டாம், இங்கே உட்கார்ந்து அதை யோசிக்கக் கூடாது, முகத்தில் தெரிந்துவிடும்.

தப்பு அவளுடையது. விசாரிக்க வந்த போலீஸ்காரர் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, அன்னைக்கு வீட்டுக்கு வந்து என்னம்மா பண்ணினார் என்று சாதாரணமாகத்தான் கேட்டார், அவளும் சாதாரணமாக, வந்தாரு, கை கழுவினாரு, கண்ணாடி முன்னாடி நின்னு கையை ஆட்டிக்கிட்டிருந்தாரு, எனக்கு முதுகைக் காட்டிக்கிட்டு, என்று உளறிவிட்டாள். எப்படி ஆட்டினார் என்று அப்போது யாரும் கேட்கவில்லை, இப்போது கேட்கப் போகிறார்கள். என்கிட்டகூட சொல்லாதீங்க என்று வக்கீலம்மா காதைப் பொத்தாத குறை. உங்களுக்குச் சொன்னாரா, தனக்குத்தானே பேசிக்கிட்டாரா, அது மட்டும்தான் கேள்வி, தனக்குத்தானேன்னா நீங்க பார்த்த காட்சி ஆயிடும்க்கா, பாதுகாப்பு கிடையாது. அவர் திரும்பவே இல்லையே. குளியலறை வாசலில் அவள் நின்றாள், கண்ணாடியில் அவர் கைகளை மட்டும்தான் பார்த்தாள், காதோரம் விரல் சுற்றியது, உள்ளங்கை கீழே அழுந்தியது, நெற்றிப்பொட்டைத் தொட்டது, கட்டைவிரல் மேலே எகிறியது. சுருட்டை. கீழே. தெரியும். போட்டேன். இதைப் படிக்கத் தெரிந்தவள் உலகத்திலேயே அவள் ஒருத்திதான். பொய் சொல்லிவிடலாமா, என்கிட்டதான் சொன்னார் என்று? அவளுக்குப் பொய் வராது, வந்தாலும் காது சிவந்துவிடும், ஜெயிலில் போய்ப் பார்க்கும்போது அவரிடமே கேட்டிருக்கலாம், அங்கேயோ நடுவில் கண்ணாடி, பின்னால் காவலர், அவர் இரண்டு கையையும் அக்குளில் இடுக்கிக்கொண்டு வெறுமனே பார்த்தார். வாயிருக்கிறவன் வாயை மூடிக்கொள்கிற மாதிரி.

பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். கூண்டு என்றால் இடுப்பளவு மரச்சட்டம்தான், எதிர்க் கூண்டில் அவர், சட்டை தொளதொளத்திருந்தது, கைகள் சட்டத்துக்குக் கீழே, தெரியவில்லை. அரசாங்க வக்கீல் மரியாதையாகத்தான் ஆரம்பித்தார். அம்மா, அவர் கையை ஆட்டினப்போ உங்களைத் திரும்பிப் பார்த்தாரா? இல்லைங்க. நீங்க இருக்கிறது அவருக்குத் தெரியுமா? தெரியாது என்றுதான் நாக்கு நுனிவரை வந்தது, இத்தனை மாதமாக அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தாள், தெரியலைங்க என்று விழுந்தது. வக்கீலுக்கு உற்சாகம். ஆக, அவர் யார்கிட்டயும் பேசல, தனியா நின்னு கை கழுவினார், முகம் கழுவினார், துடைச்சுக்கிட்டார், அப்படித்தானே? துடைச்சாருங்க. எதுல? துண்டுல. துண்டு எங்க இருந்துச்சு? என் கையில... சொல்லிவிட்டு அவளே திகைத்தாள். துண்டு அவள் கையில்தானே இருந்தது, கல்யாணமான நாளிலிருந்து அவர் கழுவுவதும் அவள் பின்னால் நின்று துண்டு நீட்டுவதும் வழக்கம், மூச்சு விடுவது போல, அதை யார் நினைவில் வைப்பார்கள்? கேட்டு வாங்கினாரா என்று நீதிபதியே குனிந்து கேட்டார். திரும்பலைங்க ஐயா, கையை மட்டும் பின்னால நீட்டினாரு, நான் வெச்சேன். எப்போ? கையை ஆட்டறதுக்கு முன்னாடியா, பின்னாடியா? முன்னாடி ஒரு தடவை முகத்துக்கு... அப்புறம் அதெல்லாம் காட்டிட்டு, மறுபடியும் ஒரு தடவை. அப்போ நீங்க நிக்கிறது தெரிஞ்சுதான் செஞ்சிருக்கார், என்றார் நீதிபதி, சொன்னாரா, பார்த்தீங்களா? சொன்னாருங்க. என்கிட்டதான் சொன்னாரு. வக்கீலம்மா எழுந்து சட்டப் பிரிவு எண்ணைச் சொன்னாள், அரசாங்க வக்கீல் ஒரு கேள்வி அதிகமாகக் கேட்டுவிட்டவரின் முகத்தோடு உட்கார்ந்தார், கணவன் மனைவிக்குச் சொன்னது வீட்டோடு இருக்கட்டும், நீங்க இறங்கலாம்மா, என்றார் நீதிபதி.

அவள் இறங்கவில்லை. பொய் இல்லை, நிஜம், அவளிடம்தான் சொல்லியிருக்கிறார், கண்ணாடி வழியாக அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே... அப்படியானால் இரண்டாவது தடவை துண்டை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு வலது கையை மறுபடி தூக்கினாரே, அது? அவள் அப்போது என்ன செய்தாள்? அவர்கள் வீட்டில் சண்டை முற்றினால் அவளுக்கு ஒரே வழி, விளக்கை அணைத்துவிடுவாள், இருட்டில் அவரால் என்ன பேச முடியும், அதைச் சொல்லிச் சொல்லி இருவருமே சிரித்திருக்கிறார்கள். அன்றைக்கும் சாப்பிட வாங்க என்று சொல்லிக்கொண்டே சுவரைத் தடவி... ஆமாம், அணைத்தாள். அவள் நகர்ந்த பிறகும் இருட்டுக்குள் சட்டைக்கை சரசரத்துக்கொண்டிருந்தது, கொஞ்ச நேரம், ஒரு பேச்சை முடிக்கிற அளவு நேரம். துடைக்கிறார் என்றுதான் நினைத்தாள். தெரியும், போட்டேன், அதற்குப் பிறகு என்ன? எதிர்க் கூண்டில் அவர் கை மெல்ல மேலே வந்தது, காதோரம் விரல் ஒரு சுற்றுச் சுற்றி நின்றது, அவள் பார்க்கிறாளா என்று காத்திருப்பது போல. அவள் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தபோதுதான் தெரிந்தது, தன் வலது கை கூண்டின் மரச்சட்டத்தில் எதையோ தடவித் தேடிக்கொண்டிருக்கிறது என்று. சுவிட்சை.