காணாமல் போன முப்பது லட்சம் எழுத்து

மரபணுச் சோதனைக் கூடத்தில் அவளுக்கு 'நோண்டி' என்றுதான் பெயர். மாதிரி வந்ததா, சோதித்தோமா, அறிக்கையை அனுப்பினோமா என்று சும்மா இருக்கத் தெரியாதவள்.

ஒரு திங்கட்கிழமை மதியம் அவள் டிபன் டப்பாவைத் திறக்கும்போது, ஒரு குழந்தையின் அம்மா தேடி வந்திருப்பதாகச் சொன்னார்கள். குழந்தைக்கு நான்கு வயது. இதயத்தில் ஓட்டை, பேச்சு தாமதம், இரண்டு முறை வலிப்பு. குழந்தையின் குரோமோசோம் ஒன்றில் முப்பது லட்சம் டி.என்.ஏ. எழுத்து நீளத்துக்கு ஒரு துண்டே இல்லை என்று கண்டுபிடித்தவள் நோண்டிதான்.

"நான் செல்போன் ரிப்பேர் கடை வச்சிருந்தேங்க," என்றாள் அம்மா. "வயித்துல இவ இருக்கும்போதும் ஈயத்தை உருக்கி சால்டரிங் பண்ணினேன். அந்தப் புகைதான் பிள்ளையைக் கெடுத்துச்சுன்னு மாமியார் சொல்றாங்க. கடையை மூடிட்டேன். அது நிஜமா?"

இல்லை என்று சொல்ல நாக்கு துடித்தது. ஆனால் கையில் ஆதாரம் இல்லை. "உங்க, உங்க வீட்டுக்காரர் ரெண்டு பேரோட ரத்தமும் வேணும். ரெண்டு வாரம் டைம் குடுங்க," என்றாள்.

தலைமை மருத்துவர் முகம் சுளித்தார். "அறிக்கை போயாச்சு. இந்தத் துண்டு போனா கால்சியம் குறைஞ்சு வலிப்பு வரலாம், அதைப் பாக்கச் சொல்லியும் எழுதியாச்சு. இன்னும் என்ன நோண்டல்?"

"அந்தக் குரோமோசோம் ஏன் சார் அந்த இடத்துல உடைஞ்சுது?"

அவர் மேசை இழுப்பறையைத் திறந்தார். பழைய கோப்புகள் இருந்த அலமாரியின் சாவியைக் கொடுத்தார்.

அதே துண்டை இழந்த குழந்தைகள் பதினொரு பேர் கிடைத்தார்கள். ஒருவருக்கொருவர் உறவே இல்லை. அப்படியும் ஒன்பது பேருக்கு, இந்தக் குழந்தையைப் போலவே, துண்டு ஒரே இடத்தில் தொடங்கி ஒரே இடத்தில் முடிந்திருந்தது. நோண்டி இரண்டு ஓரங்களையும் எழுத்தெழுத்தாகப் படித்தாள். இங்கே இருந்த நீண்ட வரிசை, அச்சு அசலாக அங்கேயும் இருந்தது. கருமுட்டையோ விந்தணுவோ உருவாகும்போது செல் தன் குரோமோசோம் இழையைத் தானே அங்கங்கே உடைத்து ஒட்டும். எங்கே ஒட்டுவது என்று தெரிய, உடைந்த முனையைப் போன்ற எழுத்தைத் தேடும். ஒரே மாதிரி எழுத்து இரண்டு இடத்தில் இருந்தால் இடம் மாறி ஒட்டிவிடும். நடுவில் இருப்பது அத்தனையும் கழன்றுவிடும்.

பெற்றோர் ரத்தத்தில் குறை எதுவும் இல்லை. ஆனால் துண்டு விழுந்த குரோமோசோம் அம்மாவிடமிருந்து வந்தது என்று முடிவு வந்தது. இதை எந்த வாயால் சொல்வது? கருமுட்டையில் இந்த உடைப்பும் ஒட்டலும் எப்போது நடக்கிறது என்று பாடப்புத்தகத்தைப் புரட்டினாள். படித்ததும் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டாள்.

கணவன் மனைவி இருவரும் வந்தார்கள். நோண்டி ஒன்பது குழந்தைகளின் குரோமோசோம் படத்தையும் மேசையில் பரப்பி, இரண்டு ஓரத்திலும் இருந்த ஒரே மாதிரி எழுத்து வரிசையைக் காட்டினாள்.

அம்மா குனிந்து பார்த்தாள். "ஒரே மாடல் போன் ஒன்பது, ஒரே இடத்துல போயிருந்தா, அது வச்சிருந்தவங்க தப்பில்லைங்க. போர்டே அப்படி."

"அதேதான். இது உங்க கருமுட்டையில நடந்திருக்கு." அவள் முகம் வாடுவதற்குள் நோண்டி வேகமாகச் சொன்னாள்: "ஆனா பொண்ணுங்களுக்கு அந்த வேலை, அவங்க அம்மா வயித்துல இருக்கும்போதே நடந்து முடிஞ்சுடும். அப்ப நீங்களே பொறக்கலை!"

"அப்ப இவ சால்டரிங் கட்டையைத் தொட்டதுக்கும் இதுக்கும்..." என்று கணவன் இழுத்தான்.

"ஒரு சம்பந்தமும் இல்ல. புகை நுரையீரலுக்கு ஆகாது, ஜன்னலைத் திறந்து வச்சுக்கோங்க. அவ்வளவுதான்."

அம்மா சிரித்தாள், கண்ணீர் வழிய. "இனி எங்க மாமியார் யாரைத் திட்டுவாங்க?"

"எங்கம்மாகிட்ட நானே சொல்றேன்," என்றான் கணவன்.

குழந்தைக்குக் கால்சியம் மிகவும் குறைவாக இருந்ததாம். மருந்து தொடங்கியபின் வலிப்பு வரவில்லையாம். நாளைக்கே கடையைத் திறக்கப் போவதாகச் சொல்லி எழுந்த அம்மா, வாசலில் நின்று திரும்பினாள்.

"அந்த ரெட்டை எழுத்து உங்களுக்கும் இருக்கா?"

"எனக்கு, டாக்டருக்கு, உங்க மாமியாருக்கு. எல்லாருக்கும் இருக்கு."

"இவ்வளவு வம்பு பண்றதை உடம்பு ஏங்க வச்சிருக்கு?"

"தெரியலையே," என்ற நோண்டி அவர்களை வழியனுப்பக்கூட மறந்து, அலமாரிச் சாவியைத் தேடினாள்.