மூடாத முதுகு

“மூடாதீங்க மாமா,” என்று தெய்வநாயகி புதுவேட்டியின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள்.

மறுமுனை அவள் கணவனின் அண்ணன் கந்தவேலின் கையில் இருந்தது. இருவருக்கும் நடுவே, வாசலில் போட்டிருந்த பலகையில் அவள் கணவன் சண்முகவேல் கிடந்தான். எண்ணெயும் அரப்பும் வைத்துக் குளிப்பாட்டியாகிவிட்டது. முன்பக்கம் ஒரு கீறல்கூட இல்லை. சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்தவன் போலத்தான் இருந்தான். முதுகைத் தேய்க்க நாவிதர் ஒருக்களித்துத் திருப்பியபோதுதான் சுற்றி நின்ற ஆண்கள் பேச்சை நிறுத்தினார்கள். தோள்பட்டையிலிருந்து இடுப்பு வரைக்கும் கன்றிக் கறுத்த தடங்கள், ஒன்றின்மேல் ஒன்றாக. நாவிதர் சொம்பைக் கீழே வைத்துவிட்டு எட்டப் போய் நின்றுகொண்டார்.

“வெயில் ஏறுது புள்ள. உடு,” என்றார் கந்தவேல்.

“போட்டோ புடிக்கோணும்.”

கந்தவேலின் முகம் சற்று இளகியது. கொஞ்சம் வசதியுள்ள வீடுகளில் அது வழக்கம்தான். செத்தவரை நாற்காலியில் சாய்த்து, மாலை போட்டு, பிள்ளை குட்டிகளைப் பக்கத்தில் நிறுத்தி எடுப்பார்கள். ஓடப்பாளையத்தில் அப்படி எடுத்த படங்களெல்லாம் சண்முகவேல் எடுத்தவைதான்.

“சரி. உடுத்தி மாலையப் போட்டு உக்கார வெப்போம். குமாரபாளையத்துல ஒருத்தன் இருக்கறான், ஆளனுப்பறேன்.”

“மூஞ்சிய இல்லீங்க மாமா. முதுக. புடிக்கறது நானே புடிச்சுக்குவேன்.”

கந்தவேல் வேட்டியை இழுத்தார். அவள் விடவில்லை. அவர் குரலைத் தாழ்த்தினார். “கிராம முன்சீப்புகிட்டச் சாவுக் கணக்குல காய்ச்சல்னு சொல்லி எழுதியாச்சு. போனவன் போயிட்டான். இருக்கறவங்க இந்த ஊர்ல பொழைக்கோணுமா இல்லியா?”

“உங்க கடை வாசல்லதான் நடந்துச்சு. போலீஸக் கூப்புட்டது நீங்கதான்.”

“கூட்டம் கதவ ஒடைக்குது, கூப்புட்டேன். இவனையா அடிக்கச் சொன்னேன்?”

யுத்தம் வந்த நாளிலிருந்து தறிக்கு நூல் கிடைப்பதில்லை. நூல் விற்கும் லைசென்ஸ் ஊரில் கந்தவேலுக்குத்தான் இருந்தது. செவ்வாய்க்கிழமை விடியும் முன்பே அவர் கடை முன்னால் வரிசை நின்றது. கடை திறந்ததும் நூல் தீர்ந்துவிட்டது என்றார்கள். கூட்டம் கத்தியது. சப்-இன்ஸ்பெக்டர் நாலு பேரோடு வந்து முன்வரிசையில் நின்ற அங்காளம்மாளைத்தான் முதலில் அடித்தார். அவள் விழுந்தாள், விழுந்த பிறகும் அடித்தார். முந்தின நாள் சங்ககிரியில் ஒரு கல்யாணத்தைப் படமெடுத்துவிட்டு அந்த வழியாக வந்த சண்முகவேல், எதிரே வேப்பமரத்தடியில் கேமராவை நிறுத்தி, கறுப்புத் துணிக்குள் தலையை விட்டான். கூட்டம் ஓடிப்போன பிறகும் அவன் துணிக்குள்ளிருந்து வெளியே வரவில்லை என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

அன்று பொழுது சாய்கிற நேரத்துக்குத்தான் வீடு வந்தான். கேமராவைத் தலையில் வைத்துக்கொண்டு, ஸ்டாண்டின் ஒடிந்த காலைக் கையில் பிடித்தபடி வந்தான். பிலிமுக்குப் பதிலாகப் படம் விழுகிற கண்ணாடித் தகட்டைச் சப்-இன்ஸ்பெக்டர் வெயிலில் திறந்து பாழாக்கிவிட்டார். தெய்வநாயகி அவன் முதுகுக்கு எண்ணெய் தடவிக்கொண்டே ஏசினாள். “கண்ணாடிக்குக் கெடக்கற தட்டுப்பாட்டுல, இருந்த ரெண்டுல ஒண்ணக் கொண்டுபோய்த் தொலைச்சுட்டு வந்திருக்கறீங்க. எவளோ அடி வாங்குனா உங்களுக்கென்ன வந்துச்சு?” அவன் குப்புறக் கிடந்தபடியே தண்ணீர் கேட்டான். மறுநாள் சிறுநீர் இரத்தமாகப் போனது. அதற்கப்புறம் அவன் எழுந்து உட்காரவில்லை.

இப்போதும் அவளுக்கு அவன் மேல் கோபம் இருந்தது. பலகையில் பேசாமல் கிடக்கிறானே என்று அந்தக் கோபம் இன்னும் கூடியது.

தெருக்கதவு திறந்தது. வாசலில் நின்றவர்கள் விலகினார்கள். காக்கி உடுப்பும் கையில் லத்தியுமாகக் காளியண்ணன் வந்து நின்றான். தெய்வநாயகியின் கூடப் பிறந்த தம்பி. அதே ஸ்டேஷனில் போலீஸ்காரன்.

“எழவுக்கு வந்தியா, டூட்டிக்கு வந்தியா?” என்றாள்.

அவன் தொப்பியைக் கழற்றவில்லை. “கூட்டம் சேரக்கூடாதாம். இன்ஸ்பெக்டரு வெரசாத் தூக்கச் சொன்னாரு. போட்டோ கீட்டோ எடுக்கக்கூடாதாம். கேமராப் பொட்டிய எடுத்துட்டு வரச் சொல்லியிருக்கறாரு, அக்கா.”

“யாரு செத்தாங்கன்னு தெரியுமா உனக்கு?”

“தெரியும்.”

“அன்னிக்கு நீ அங்க இருந்தியா?”

காளியண்ணன் கந்தவேலைப் பார்த்தான். கந்தவேல் தலையைத் திருப்பிக்கொண்டார்.

“கதவுகிட்ட நிக்கச் சொன்னாங்க. நின்னேன்.”

“பாத்துட்டு நின்னியா?”

“என்னால என்ன பண்ண முடியும் அக்கா? யாரக் கேட்டுடா போலீஸப் படம் புடிச்சேன்னு கேட்டாரு. மச்சான் கைகட்டி நின்னு, ‘மாப்பு’ன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா உட்டிருப்பாரு. சொல்லலையே. ‘தெருவுல நடந்ததுதானுங்க. போறவன் வர்றவனெல்லாம் பாத்தான். கண்ணு பாக்கலாம்னா பொட்டியும் பாக்கலாமுங்க’ன்னு நின்னாரு.”

தெய்வநாயகிக்கு இது புதிது. வீட்டில் சண்முகவேல் இதைச் சொல்லவே இல்லை.

“அதுக்கு உங்க எசமான் என்ன சொன்னாரு?”

 காளியண்ணனின் கண்கள் பலகையின் பக்கம் போய், உடனே திரும்பின.

அவள் வேட்டியை விட்டுவிட்டு உள்ளே போனாள். தெருப்பக்கத்து அறைதான் ஸ்டூடியோ. அதற்குப் பின்னால், சன்னல் இல்லாத சின்ன அறையில் படம் கழுவுவார்கள். கல்யாணமான நாளிலிருந்து கழுவுகிற வேலை அவளுடையது. இருட்டில் கையால் தடவியே மிஞ்சியிருந்த கண்ணாடியைச் சட்டத்தில் பொருத்தினாள். கேமராவை மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே வந்து, ஒடிந்த ஸ்டாண்டுக்குப் பதில் அதை உரலின்மேல் வைத்தாள்.

“திருப்பிப் புடிங்க,” என்றாள் ஆண்களைப் பார்த்து.

ஒருவரும் நகரவில்லை. ஒருவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தெருவுக்குப் போனார். அவர் பின்னால் இன்னும் இரண்டு பேர் போனார்கள்.

“புத்தி கெட்டுப்போச்சா புள்ள உனக்கு? அத வெச்சு என்ன பண்ணப்போற?” என்றார் கந்தவேல்.

“நம்ம போட்டோக் கடை முன்னால கண்ணாடிப் பொட்டியில கல்யாண ஜோடிகளா மாட்டியிருக்கறாரில்ல, அதுல மாட்டுவேன். தெருவுல போற எல்லாரும் பாக்கட்டும்.”

பெண்கள் உட்கார்ந்திருந்த மூலையில் யாரோ எழுந்தார்கள். அங்காளம்மாள். ஒரு கை கழுத்தில் கட்டிய துணித் தூளியில் தொங்கியது. அவள் எப்போது வந்தாள் என்று தெய்வநாயகிக்குத் தெரியாது.

“நீ எதுக்கு வந்த?”

“எழவு கேக்கத்தான்.”

“உனக்காவத்தான் செத்தாரு. நல்லாக் கேட்டுக்க.”

“நானா படம் புடிக்கச் சொன்னேன்?” அங்காளம்மாளின் குரல் உயர்ந்தது. “மேல துணியில்லாமக் கீழ கெடக்கறேன். எந்திரிச்சுப் பாத்தா எதுத்தாப்புல பொட்டி. அதுவும் உன்ற கடையில தொங்கியிருக்கும், ஊரே பாத்திருக்கும். அடிச்சவன் மேல எனக்கு எத்தன ஆத்தரமோ, அத்தன ஆத்தரம் உன்ற ஊட்டுக்காரர் மேலயும் இருந்துச்சு. கண்ணாடி பாழாப்போச்சுன்னு கேட்டதும் நிம்மதியாத்தான் இருந்துச்சு.”

 தெய்வநாயகி அவளை அடித்துவிடுவாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.  ஆனால் அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். அந்தப் படத்தில் கீழே கிடப்பவளின் துணியைப் பற்றி அவள் ஒரு தடவைகூட நினைத்ததில்லை. சண்முகவேலும் நினைத்திருக்கமாட்டான்.

“ஆம்பள முதுகுதானே இது,” என்றாள் அங்காளம்மாள். “இதப் பாத்தா யாருக்கும் மானம் போவாது.”

பலகையின் தலைமாட்டில் போய் மண்டியிட்டாள். நல்ல கையைச் சண்முகவேலின் தோளுக்கடியில் கொடுத்துத் தள்ளினாள். உடம்பு விறைத்துக் கனத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, தூளியில் கிடந்த கையையும் உருவி அண்டக் கொடுத்தாள். உடம்பு ஒருக்களித்தது. முதுகு வெயிலுக்குத் திரும்பியது.

காளியண்ணன் லத்தியோடு இரண்டு எட்டு முன்னால் வந்தான். “அக்கா, உடமாட்டேன். என்ற வேல போயிரும். என்னையும் உள்ள தள்ளிப்போடுவாங்க.”

“தடுக்கறதுன்னா அடிச்சுத் தடு சாமி. அடிக்கறதுக்குச் சம்பளம் வாங்கறவன்தானே நீ? அதையும் எல்லாரும் பாக்கட்டும்.”

கறுப்புத் துணியை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள். உள்ளே, கேமராவின் பின்பக்கத்து மங்கலான கண்ணாடியில் வாசல் தலைகீழாகத் தெரிந்தது. பலகை, முதுகு, அங்காளம்மாளின் விரல்கள். அவற்றுக்கு இந்தப் பக்கம் காக்கி மறைத்தது. அடி விழும் என்று முதுகைக் குறுக்கிக்கொண்டு காத்திருந்தாள்.

தெருவில் சைக்கிள் மணி கேட்டது. “காளியண்ணா! என்னய்யா இன்னும் தூக்கலியா?” ஸ்டேஷன் ஏட்டின் குரல்.

காக்கி நகர்ந்தது. தம்பி பின்வாங்கித் தெருக்கதவு வரை போனதைத் துணிக்குள்ளிருந்தே பார்த்தாள். அவன் ஒரு கதவைச் சாத்தி, திறந்த பாதியில் குறுக்கே நின்றான். முகம் பக்கவாட்டில் தெருவைப் பார்த்திருந்தது.

“குளிப்பாட்டிட்டு இருக்காங்க ஏட்டய்யா,” என்றான். “பொம்பளைக அழுதுட்டிருக்காங்க. உள்ள வராதீங்க. இப்பத் தூக்கிருவாங்க.”

யாரும் அழுதுகொண்டிருக்கவில்லை. மூலையில் இருந்த பெண்களில் ஒருத்தி அதைக் கேட்டதும் சட்டென்று ஒப்பாரியைத் தொடங்கினாள். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். அந்தச் சத்தத்துக்கிடையே தெய்வநாயகி கண்ணாடிச் சட்டத்தைச் செருகி, துணிக்கு வெளியே வந்து லென்ஸின் மூடியை எடுத்தாள். அங்காளம்மாளின் கைகள் நடுங்காதிருக்க வேண்டும் என்பது மட்டும்தான் அவள் நினைப்பில் இருந்தது. அவை நடுங்கவில்லை. மூடியைப் போட்டாள்.

“இப்ப மூடுங்க மாமா,” என்றாள்.

கந்தவேல் வேட்டியைப் போர்த்தினார். 

ஆற்றங்கரைக்குத் தூக்கிப் போனதும் மற்றப் பெண்கள் கிணற்றடியில் குளித்து, ஈரத்தோடு அவரவர் வீட்டுக்குப் போனார்கள். தெய்வநாயகி ஈரச் சேலையோடு இருட்டறைக்குள் நுழைந்து தாழ் போட்டாள். சிவப்பு விளக்கை ஏற்றினாள். தட்டில் கண்ணாடியைப் போட்டு மெல்ல ஆட்டினாள். முதலில் வானம் வந்தது, பிறகு பலகை, பிறகு முதுகு. கண்ணாடியில் கறுப்பும் வெளுப்பும் மாறித்தான் விழும். கன்றிய தடங்கள் வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தன. தோளுக்கடியில் அங்காளம்மாளின் விரல்கள் இருந்தன.

அவற்றுக்குப் பின்னால், பாதி திறந்த கதவில், லத்தியும் தொப்பியுமாக ஒருவன். பக்கவாட்டு முகம். மூக்கும் தாடையும் கோடு கிழித்த மாதிரி இருந்தன. ஓடப்பாளையத்தில் அவனைத் தெரியாதவர்கள் இல்லை; படம் எடுக்கையில் கதவில் நின்றவன் அவன்தான் என்று ஸ்டேஷனுக்கும் தெரிந்துவிடும்.

கண்ணாடியைக் கழுவி விளக்கருகே பிடித்தாள். படத்தில் வேண்டாததைச் சுரண்டி எடுக்கச் சண்முகவேல் வைத்திருந்த சின்னக் கத்தி மேசைமேல் இருந்தது. அதை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள்.

கதவுக்கு வெளியே பூட்ஸ் சத்தம் வந்து நின்றது.

“அக்கா.”

அவள் கதவுப் பக்கம் திரும்பினாள்.

“கொள்ளி வெச்சு முடியறவரைக்கும் இருந்துட்டுத்தான் வாரேன்.” பிறகு, “படம் உழுந்துச்சா?” என்றான்.

“உழுந்துச்சு.”

“நானும் உழுந்திருக்கறனா?”

கத்தி முனை கண்ணாடியின் ஓரத்தில் இருந்தது.

“ஆமாண்டா.”

அவன் ஏதாவது கேட்பான் என்று காத்திருந்தாள்.  அவன் சுவரில் சாய்ந்து தரையில் உட்காருகிற சத்தம்தான் கேட்டது. பிறகு, காலில் சுற்றியிருந்த காக்கிப் பட்டியை அவிழ்க்கிற சத்தம், சுற்றுச் சுற்றாக.

தெய்வநாயகி எதையும் சுரண்டாமல் கத்தியை மேசைமேல் வைத்தாள். கண்ணாடியைச் சுவரோரமாகச் சாய்த்து, காயட்டும் என்று விட்டாள். அதன் கீழ்முனையில் சேர்ந்த தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.